பதினோராம் நோட்டு

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஏழாம் நாள், புதன்கிழமை. மேற்கே மலைப்பக்கம் மேகம் கட்டி நின்றது. குற்றாலத்தில் சாரல் கொட்டுகிறது என்று பேருந்தில் வந்தவர்கள் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் ஒரு சொட்டு விழவில்லை. காற்று மட்டும் காலையிலிருந்தே புழுதியை வாரிச் சன்னல் வழியாக என் மேசைமேல் கொட்டிக்கொண்டிருந்தது.

அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், பரமசிவன். பதினோராம் நோட்டு எங்கே என்று கேட்டீர்கள். பல்கலைக்கழக நூலகத்திலிருந்து இருப்புச் சரிபார்க்க வந்திருக்கிறீர்கள். பட்டியலில் இருபத்து மூன்று, உங்கள் அலமாரியில் இருபத்திரண்டு. 'காணவில்லை' என்று ஒரே சொல்லில் எழுதிக்கொண்டு ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். அப்படி எழுத நான் விடமாட்டேன். அது காணாமற்போகவில்லை, எடுத்துச் செல்லப்பட்டது. யாரால், எந்த நாளில், யார் துணையோடு என்று எல்லாம் சொல்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டு பள்ளியில் தமிழ் நடத்தியவன் நான். நாள் குறிப்பிடாமல் ஒரு செய்தியும் சொல்வதில்லை.

அதற்கு முன் அந்தப் பென்சிலைச் சட்டைப் பைக்குள் வையுங்கள். பதிவேட்டில் பென்சிலால் குறிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

பேராசிரியர் குற்றாலலிங்கம் என்று உங்கள் நூலகத்து அறைவாசலில் பலகை மாட்டியிருக்கிறீர்கள் அல்லவா, அவன் என் தம்பி. என்னைவிட ஆறு வயது இளையவன். கல்லூரியிலும் பிறகு உங்கள் பல்கலைக்கழகத் துறையிலுமாக முப்பத்தைந்தாண்டு கணிதம் நடத்தினான். நீங்கள் எல்லோரும் அவனை மேதை என்கிறீர்கள். அந்த மேதை எப்படி வேலை செய்தான் என்று உங்களில் ஒருவருக்காவது தெரியுமா? படுத்துக்கொண்டு. நான் கேலி செய்யவில்லை. துறையிலிருந்து வந்ததும் கூடத்துக் கட்டிலில் மல்லாந்து படுப்பான். நோட்டை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதுவான். அப்படி எழுதினால் பேனாவில் மை இறங்காது, ஆகவே பென்சில். பெரிய யோசனை எல்லாம் படுத்தால்தான் வருகிறது என்பான். எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை. வகுப்பில் ஒரு பையன் பெஞ்சில் சாய்ந்தாலே எழுப்பி நிறுத்தியவன் நான். படுத்தால் வருவது தூக்கம், யோசனை அன்று.

பிறகு என்றைக்காவது ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து, அதே நோட்டில் மையால் எழுதுவான். அதுதான் எழுத்து. மற்றதெல்லாம் ஓரத்துக் கிறுக்கல்.

அவன் கையெழுத்தைப் பார்த்திருப்பீர்கள். கோழி கிளறிய மாதிரி இருக்கும். தட்டச்சுக்காரர் இரண்டு பேர் அவன் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே 1963 முதல், அவன் கல்லூரியில் விரிவுரையாளனாக இருந்த காலத்திலிருந்தே, ஒவ்வொரு கட்டுரைக்கும் நான்தான் நல்ல படி எடுத்துக் கொடுத்தேன். ஆங்கிலம்தான், கணிதக் குறிகள்தான், அதனால் என்ன? இந்த மாவட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களின் வீட்டுச் சுவரில் தொங்கும் பாராட்டுப் பத்திரங்களைப் போய்ப் பாருங்கள். பாதி என் கையெழுத்து. பொருள் தெரிந்தவன் படியெடுத்தால் தன் மனத்தில் இருப்பதை எழுதிவிடுவான். நான் தாளில் இருப்பதை மட்டும் எழுதினேன். இருபத்தெட்டு ஆண்டு, நாற்பத்தொரு கட்டுரை, ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

என் விதி ஒன்றுதான். மையில் இருப்பது உண்டு. பென்சிலில் இருப்பது இல்லை. பென்சிலில் உள்ளது ஏதாவது சேர வேண்டுமானால் அவனே வந்து என் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சொல்வான். நான் மையில் எழுதிக்கொள்வேன். ஆறாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரிந்த ஒழுங்கு இது.

இப்போது 1974. கொட்டாவி விடாதீர்கள், நோட்டு வருகிறது.

அந்த ஆண்டு மார்ச்சில் பதினோராம் நோட்டிலிருந்து ஒரு கட்டுரையைப் படியெடுத்தேன். அப்போது வடிவு, அவன் மனைவி, தலைப்பிரசவத்துக்காக ஆசுபத்திரியில் இருந்தாள். பெண் குழந்தை. ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தது. அவன் ஆசுபத்திரியே கதி என்று கிடந்தான். கட்டுரை கல்கத்தா ஆய்விதழுக்குப் போய்ச் சேர வேண்டிய கெடு நெருங்கிவிட்டது. முக்காலியைப் போட்டு உட்கார அவனுக்கு நேரமில்லை. நானும் சும்மா இருந்திருந்தால் அந்தக் கட்டுரையே வந்திருக்காது. மையில் இருந்தவற்றை எல்லாம் பதினான்கு பக்கத்தில் படியெடுத்து, தட்டச்சு செய்வித்து, விடுபட்ட குறிகளை என் கையால் இட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். அச்சாவதற்கு முன் பார்த்துத் திருத்த மெய்ப்பு வந்தது. அதையும் அவன் தொடவில்லை. நான் என் படியை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டேன். இதழ் அச்சாகி வந்தபோது அவன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அப்படியே அலமாரியில் செருகிவிட்டான். பிற்காலத்திலும் அந்த ஆண்டு இதழ் கண்ணில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். சோம்பல். வேறென்ன?

ஆனால் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தக் கட்டுரைதான். அதிலுள்ள தேற்றத்தை அவன் பெயர் சொல்லியே அழைத்தார்கள். டில்லியில் ஒருவர் அதன்மேல் மூன்று கட்டுரை கட்டி எழுப்பினார். 1991இல் ஒரு பெரிய பரிசுக்கு இவன் பெயரைப் பரிந்துரைத்திருந்தார்கள். ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்று பேச்சு. நான் பாராட்டுவிழா வரவேற்புரையைக்கூட எழுதத் தொடங்கிவிட்டேன்.

அப்போதுதான் ஆகஸ்ட் ஏழு வந்தது. மாலை ஐந்தேகால். அந்தப் பெண் வந்தாள்.

பியூலா என்று பெயர். சமாதானபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மகள். இவனிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. வரும்போதே சிரித்துக்கொண்டு வருவாள். நேரே அடுக்களைக்குப் போவாள். வடிவு கொடுக்கும் காப்பியை நின்றுகொண்டே குடிப்பாள். அவள் கையெழுத்து இடப்பக்கம் சாயும். இடப்பக்கம் சாயும் கையெழுத்துக்காரர்களிடம் எனக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது. அன்று அவள் சிரிக்கவில்லை. கையில் ஒரே ஒரு தாள். காற்றில் அது படபடத்தது.

கட்டிலருகே போய் நின்று, "சார், ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கிடாதிய" என்றாள்.

"சொல்லு."

"ஒங்க எழுபத்து நாலு தேற்றம் இரட்டைப்படை எண்ணுக்குப் பொருந்தல. ஒரு எடுத்துக்காட்டு கெடச்சிருக்கு. மூணு நாளாப் பாக்கேன், சரியாத்தான் இருக்கு."

இவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படுத்தபடியே சிரித்தான். "இரட்டைப்படைக்குப் பொருந்தாதுதான். அதான் ஒத்தப்படைக்கு மட்டும்னு நிபந்தனை போட்டிருக்கேனே. வகுப்புலயும் சொல்லியிருக்கேனே."

"வகுப்புல சொன்னிய. அச்சுல இல்ல சார்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். பதினேழு ஆண்டுக்குப் பிறகு அந்த உறையைப் பிரித்தான். வாசித்தான். பிறகு அலமாரியிலிருந்து பதினோராம் நோட்டை எடுத்துப் புரட்டினான். ஒரு பக்கத்தில் நின்றான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வடிவு கொண்டுவந்த காப்பியில் ஆடை படிந்துவிட்டது. பிறகு தலையை உயர்த்தி என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது நீங்க எடுத்த படிதான?"

"ஆம். எங்கேயாவது ஓர் எழுத்துப் பிழை இருந்தால் காட்டு" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. ஓரெழுத்துப் பிழைகூட இல்ல" என்றான்.

அந்தப் பெண் குனிந்து நோட்டில் விரல் வைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இவன் நோட்டைப் பட்டென்று மூடினான். அவள் விரல் உள்ளே அகப்பட்டுக்கொண்டது. அவள் விரலை இழுக்கவில்லை. "பியூலா, நீ சொல்லுததுதான் சரி. நிபந்தனைய விட்டது நான். அப்படியே எழுதி அனுப்பு, நானும் எழுதுதேன்" என்றான்.

யார் கேட்டார்கள், பரமசிவன்? பதினேழு ஆண்டு உலகத்தில் ஒருவனும் கேட்கவில்லை. பரிசு வாசலுக்கு வந்து நிற்கிறது. ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? நான் அதைத்தான் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொன்னேன். அவன் கேட்கவில்லை. அடுத்த வாரமே திருத்தம் எழுதி அனுப்பிவிட்டான். 'நிபந்தனை விடுபட்டது முழுக்க என் கவனக்குறைவு' என்று. டில்லிக்காரரின் மூன்று கட்டுரையும் சரிந்தன. அவர் எழுதிய கடிதத்தை இங்கே வாய்விட்டு வாசிக்க முடியாது. பரிசு வேறொருவருக்குப் போயிற்று. துறையில் முதுகுக்குப் பின்னால் 'திருத்தம் லிங்கம்' என்று அழைத்தார்கள். கடைக்குப் போனால் என்னிடமே கேட்டார்கள், தம்பி கணக்கில் கோட்டைவிட்டாராமே என்று. எழுதத் தொடங்கிய வரவேற்புரையைக் கிழித்துப் போட்டேன்.

இத்தனையும் ஒரு சைக்கிள் கடைக்காரர் மகளால்.

ஆனால் என் குறை அதுவன்று. நன்றாகக் கேளுங்கள். அந்த ஆகஸ்டுக்குப் பிறகு அவன் ஒரு பக்கத்தைக்கூட என்னிடம் படியெடுக்கக் கொடுக்கவில்லை. ஒரு பக்கம். தாளை வெட்டி, கோடிட்டு, மைப்புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மாலை தோறும் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதம் பொறுத்துக் கேட்டேன். "ஒங்களுக்கு எதுக்குச் சிரமம் அண்ணாச்சி, பியூலா கம்ப்யூட்டர்ல அடிச்சிருதா" என்றான். இருபத்தெட்டு ஆண்டு படாத சிரமம் அன்றைக்குத் திடீரென்று பட்டுவிட்டதாம். என் இடத்தில் அவளைக் கொண்டுவந்து வைத்தான். என் முக்காலியில் அவள் உட்கார்ந்தாள். மெய்யாகவே அதே முக்காலி. இவன் மல்லாந்து படுத்துக்கொண்டு பென்சிலும் கையுமாய்ச் சொல்லச் சொல்ல, அவள் எழுதிக்கொள்வாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். தப்புக் கண்டுபிடித்தவளோடு சிரிப்பு. அவளைக்கொண்டு எழுதிய ஒன்பது கட்டுரையும் தன் வாழ்நாளில் தான் செய்ததிலேயே நல்லவை என்று ஒருமுறை யாரிடமோ சொன்னான். நாற்பத்தொன்றும் என் கையெழுத்தில் போனவை. நல்லவை மட்டும் கம்ப்யூட்டரில்.

இன்னொன்று சொல்கிறேன். ஆண்டுதோறும் பொங்கலுக்கு எனக்கு ஒரு புட்டி கறுப்பு மை வாங்கித் தருவான். படியெடுக்க ஒன்றும் தராமல் மை மட்டும். படுக்கையில் விழும்வரை விடவில்லை. பதினேழு புட்டி. அந்த அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன, மூடிகூடத் திறக்கவில்லை. ஒரு மனிதனை அவமானப்படுத்த இதைவிட நல்ல வழி உண்டா?

2009ஆம் ஆண்டு பிப்ரவரி மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, அவன் இறந்தான். கடைசி இரண்டு மாதம் கட்டிலைவிட்டு எழவில்லை. ஏப்ரலில் உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது: பேராசிரியரின் நோட்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறோம், கொடுத்து உதவுங்கள் என்று. வடிவு சம்மதித்தாள். நோட்டுகளை ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்று நான் பொறுப்பேற்றேன். குடும்ப மானம் இருக்கிறது அல்லவா? நாலு பேர் வந்து பார்க்கும் இடத்தில் அந்தக் கிறுக்கலோடா வைப்பது?

மே மாதம் தொடங்கினேன். முன்னறையில், காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. நல்ல ரப்பராகப் பதினெட்டு வாங்கினேன். ஓரம், இடுக்கு, பக்கத்தின் பின்புறம், எங்கெல்லாம் பென்சில் இருந்ததோ அங்கெல்லாம் அழித்தேன். தாள் கிழியாமல், மை கலையாமல், ஒரே திசையில். ரப்பர்த் துகளைக் கோழி இறகால் தட்டினேன். சில நோட்டில் மையைவிடப் பென்சில்தான் அதிகம். பக்கம் பக்கமாக வெறும் பென்சில். பெருவிரல் கன்றிப்போயிற்று. உங்கள் அலமாரியில் இருக்கும் இருபத்திரண்டு நோட்டில் எதை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள், ஒரு பென்சில் கோடு காட்டுங்கள் பார்ப்போம். நான் தனியே உட்கார்ந்து தம்பியின் நோட்டை வாசித்து வருந்துகிறேன் என்று வடிவு நினைத்துக்கொண்டிருந்தாளாம். பிறகு சொன்னாள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? தண்ணீர் வேண்டுமா?

பதினோராம் நோட்டு மட்டும் அட்டை பிரிந்து பைண்டரிடம் போயிருந்தது. அக்டோபரில் வந்தது. அக்டோபர் 28, புதன்கிழமை. ஐப்பசி மழை விடியற்காலையிலிருந்து நிற்காமல் பெய்தது. முன்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு அந்த நோட்டில் முதல் பத்துப் பக்கம் முடித்திருந்தேன். அவன் நினைவு மலரில் கட்டுரை எழுத ஏதோ பார்க்க வேண்டும் என்று அந்தப் பியூலா அம்மாள் வந்தாள். இப்போது அவளும் ஒரு மகளிர் கல்லூரியில் பேராசிரியை. தலை நரைத்திருந்தது. குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தவள் மேசையைப் பார்த்தாள், ரப்பரைப் பார்த்தாள், துகளைப் பார்த்தாள்.

"ஐயா, என்ன செய்யுதிய?"

"பார்த்தால் தெரியவில்லையா? சுத்தம் செய்கிறேன்."

"எத்தன நோட்டு ஆச்சு?"

"இருபத்திரண்டு முடிந்தது. இது ஒன்றுதான் பாக்கி" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். நாற்காலி இருந்தது, தரையில் உட்கார்ந்தாள், துகளின் மேலேயே. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய நாடகம். பிறகு எழுந்து, கேட்காமல் கொள்ளாமல், என் கைக்கு அடியிலிருந்து நோட்டை உருவினாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். எழுபத்தேழு வயது எனக்கு; அவளுக்கு நாற்பத்தைந்தாவது இருக்கும். இரண்டு பேரும் ஒரு நோட்டை இழுத்துக்கொண்டு நிற்கிறோம். சத்தம் கேட்டு வடிவு வந்தாள்.

அந்த அம்மாள் அழுதுகொண்டே, "ஐயா, பென்சில்லதான் சார் எல்லாத்தையும்... அந்த எழுபத்து நாலுல நீங்க..." என்று தொடங்கினாள்.

வடிவு அவள் தோளைத் தொட்டாள். "வேண்டாம் பியூலா. அவுகளே சொல்லாதத நாம சொல்ல வேண்டாம்" என்றாள். பிறகு என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நாற்பது ஆண்டில் அவள் என் கையைத் தொட்டது அதுதான் முதல்முறை. "பெரியத்தான், இந்த நோட்ட இவளுக்கு நான் குடுக்கேன். அவுக பொண்டாட்டி நான்; குடுக்க எனக்கு உரிமை உண்டு" என்று சொல்லி, ஒரு பாலிதீன் பையில் சுற்றிக் கொடுத்து அனுப்பினாள். அழியாத பக்கங்களோடு. அந்த அம்மாள் மழையில் ஆட்டோ பிடித்துப் போனாள்.

இதற்குப் பெயர் திருட்டு இல்லையா? இரண்டு பெண்களும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று அன்றே எனக்குப் புரிந்தது. தம்பி சொல்லாமல் விட்டது என்ன? வீட்டுப் பத்திரமாக இருக்கலாம்; என் பங்கை அவன் மகன் பெயருக்கு எழுதிவைத்திருக்கலாம் என்று சார்பதிவாளர் அலுவலகம்வரை போய் வில்லங்கம் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மலர் வெளிவந்த பிறகுதான் தெரிந்தது. அவன் இறந்து ஓராண்டு நிறைந்த நாளில் வெளியிட்டீர்கள் அல்லவா, அந்த மலர். அவள் கட்டுரை நாற்பத்து மூன்றாம் பக்கம். சிவப்பு மையை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தேன். இரண்டு இடத்தில் காற்புள்ளி இல்லை. அதில் எழுதியிருந்தாள்: அந்த நிபந்தனை பதினோராம் நோட்டின் ஓரத்தில் பேராசிரியர் கையால் பென்சிலில் எழுதப்பட்டிருக்கிறது, படியெடுக்கும்போது விடுபட்டது, பிழை தன்னுடையது என்று அவர் கடைசிவரை சொன்னார். இவ்வளவுதான். யார் படியெடுத்தது என்று எழுதவில்லை. ஊரில் யாருக்குத்தான் தெரியாது, லிங்கத்துக்குப் படியெடுத்தது யார் என்று?

ஆனால் யோசித்துப் பாருங்கள். நீங்கள் நடுநிலையாளர். விட்டது யார்? பென்சிலில் எழுதியவனா, பென்சிலை விட்டவனா? அது வேண்டுமென்றால் எழுந்து உட்கார்ந்து மையில் எழுதியிருக்க வேண்டும். முக்காலியைப் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அவனே தன் பிழை என்று சொல்லிவிட்டான். அவளும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறாள். ஆகவே அதில் பேச ஒன்றும் இல்லை. நான் படியெடுத்ததில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. அவனே சொன்னான், ஆகஸ்ட் ஏழாம் நாள், புதன்கிழமை, என்னைப் பார்த்துச் சொன்னான்.

நீங்கள் பதிவேட்டையே பார்க்கிறீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைப் பதிவேட்டில் எழுத வேண்டாம். இருபத்து மூன்றாம் நோட்டு, கடைசி நோட்டு, படுக்கையிலேயே முழுக்கப் பென்சிலில் எழுதியது. அதை ஆகஸ்டில் அழித்தேன். கடைசிப் பக்கத்தில் கணக்கு இல்லை. தமிழில் நான்கு வரி. எழுத்து மேலும் கீழுமாகக் கோணிக்கொண்டு போயிற்று. 'அண்ணாச்சி, 1974ஐ மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்' என்பது முதல் வரி. குழந்தை போனதைச் சொல்கிறான் என்று நினைத்தேன். அதை நான் ஏன் மனத்தில் வைத்துக்கொள்ளப் போகிறேன்? 'அன்று உங்கள் பக்கத்தில் வந்து உட்காராதது என் குற்றம்.' இரண்டாம் வரி. 'பியூலாமேல் கோபம் வேண்டாம்.' மூன்றாம் வரி. அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கணித நோட்டில் வீட்டுச் செய்தி எழுதியது ஒரு தப்பு. அதிலும் அவளுக்குப் பரிந்துரை. நான்காம் வரியை வாசிக்கவில்லை. அழித்துவிட்டேன். ஒரே திசையில், சுத்தமாக.

மலர் அதற்குப் பிறகு, பிப்ரவரியில்தான் வந்தது. வரிசை மாறி வந்திருந்தால்... விடுங்கள்.

பிறகு நடந்தது இவ்வளவுதான். மலர் வருமுன்பே, தை பிறந்ததும், வடிவு போபாலில் வங்கி வேலையில் இருக்கும் மகனிடம் போய்விட்டாள். மாதம் ஒருமுறை தொலைபேசியில் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள்; சாப்பிட்டேன் என்பேன். மலரை வாசித்து மூன்று வாரம் கழித்து அந்த அம்மாளுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினேன்: இருபத்து மூன்றாம் நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒருமுறை பார்க்கவும், என்று மட்டும். காரணம் எழுதவில்லை. அவள் சனிக்கிழமைதோறும் உங்கள் நூலகத்துக்கு வந்து, சன்னலோரம் உட்கார்ந்து, சிறு விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வெற்றுத் தாள்களை வாசிக்கிறாள் என்று நீங்களே வந்ததும் சொன்னீர்கள். பென்சில் அழுத்திய தடம் தாளில் நிற்குமாம். ஒரு சனிக்கிழமைக்கு அரைப் பக்கம் தேறினால் பெரிதாம். இருபத்திரண்டு நோட்டு. அவள் ஆயுசு போதாது.

போன மாதம் ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு தாள். கம்ப்யூட்டர் இல்லை, கையால், கறுப்பு மையில். எழுத்து இடப்பக்கம்தான் சாய்கிறது. மூன்று வரியும் நான் வாசித்த அதே மூன்று வரி. தன் பெயர் வரும் வரியைக்கூட விடாமல், மாற்றாமல் எழுதியிருக்கிறாள். நான்காம் வரி, 'படியில் ஓர் எழுத்துப் பிழைகூட' என்று தொடங்குகிறது. அதற்கு மேல் புள்ளிகள். கீழே, இதற்கு மேல் தடம் தெரியவில்லை ஐயா என்று ஒரு குறிப்பு. ஊகித்து எழுத அவளால் முடியாதா? ஒரே ஒரு சொல். அவன் அதைச் சொன்னபோது அவளும் பக்கத்தில் நின்றாள். எழுதவில்லை. தாளில் இல்லாததை அவள் எழுதவில்லை.

அந்த ஒன்றில் அவளைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

மணி ஐந்து பத்து. உங்கள் பேருந்து போய்விடும். பதினோராம் நோட்டுக்கு நேரே எழுதுங்கள்: முனைவர் பியூலாவிடம் உள்ளது, பேராசிரியரின் மனைவி கொடுத்தது. திருட்டு என்று எழுத வேண்டாம். பேனா இல்லையா? என்னுடையது இருக்கிறது, மைதான் இல்லை. அந்த அலமாரியின் கீழ்த்தட்டைத் திறவுங்கள். பதினேழு புட்டி இருக்கின்றன, ஒன்றை எடுங்கள். மையில் எழுதுங்கள்.